அறுபதைத் தாண்டிய தோளுக்கு: மான் வேட்டை ரைபிளின் உதையைக் குறைக்கும் வழிகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் பக்கம் நவம்பரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குக் கிளம்பும் முதியவர்கள் பலரிடம் முப்பது நாற்பது வருடம் பழகிய .30-06 ரைபிள் (அதில் போடும் தோட்டா வகையின் பெயர்) ஒன்று இருக்கும். நாற்பது வயதில் கண்டுகொள்ளாத உதை, அறுபத்தைந்தில் தோளில் ரத்தம் கட்ட வைக்கிறது. கெடுதல் தோளோடு நிற்பதில்லை. உதைக்கு அஞ்சப் பழகிய உடல், விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடித் தோளை முன்னால் தள்ளும். குழலின் முனை தாழ்ந்துவிடும். நுரையீரலில் பாய வேண்டிய குண்டு வயிற்றில் பாயும். அப்படி அடிபட்ட மான் விழாமல் ஓடி, பல மணி நேரம் துன்பப்பட்டுச் சாகும். பல நேரம் கைக்கும் கிடைக்காது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தோட்டா, அடுத்து தோளில் பதியும் கட்டையின் அளவும் அதன் பின்முனை ரப்பரும், அதன் பிறகு எடை. குழல் முனையில் மாட்டும் பிரேக் கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, காசையும் காதையும் இழக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் மருத்துவரிடம் ஒரு பேச்சு. பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது காரை எலும்புக்குக் கீழே வைக்கப்படுகிறது. இடது தோளில் சுடுபவருக்கு ரைபிளின் அடிக்கட்டை பதியும் இடமும் அதுதான். உதை அந்தக் கருவியையோ அதன் கம்பியையோ சேதப்படுத்தலாம். இனிமேல்தான் வைக்கப்போகிறார்கள் என்றால், எந்தத் தோளில் சுடுகிறீர்கள் என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறுபக்கம் வைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். விழித்திரை அறுவை, தோள் மூட்டு மாற்று, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் கேட்காமல் சுடாதீர்கள்.

உதை எங்கிருந்து வருகிறது

குண்டும் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னால் போகின்றனவோ, அவ்வளவு உந்தத்தோடு ரைபிள் பின்னால் வருகிறது. இதை வீட்டிலேயே கணக்கிடலாம். குண்டின் எடையை (கிரெய்ன்; 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு) அதன் வேகத்தால் (நொடிக்கு இத்தனை அடி) பெருக்குங்கள். மருந்தின் எடையை, குண்டு வேகத்தின் 1.75 மடங்கால் பெருக்குங்கள். குழலைவிட்டு வெளியேறும் வாயுவின் வேகத்துக்கு ரைபிள்களில் கொள்ளும் கணக்கு இது. இரண்டையும் கூட்டி 7,000-ஆல் வகுத்து, மறுபடி ரைபிளின் எடையால் (பவுண்டு) வகுத்தால் ரைபிள் பின்வாங்கும் வேகம் வரும். அந்த வேகத்தின் வர்க்கத்தை ரைபிள் எடையால் பெருக்கி 64.4-ஆல் வகுத்தால், உதை அடி-பவுண்டில் கிடைக்கும்.

ஸ்கோப்பும் தோட்டாக்களும் சேர்த்து 8 பவுண்டு எடையுள்ள ரைபிளுக்குக் கணக்குப் போட்டால் உதை, அடி-பவுண்டில், ஏறக்குறைய இப்படி வரும்:

.300 வின்செஸ்டர் மேக்னம், 180 கிரெய்ன்: 32
.30-06, 180 கிரெய்ன்: 22
.30-06, 150 கிரெய்ன்: 20
.308 வின்செஸ்டர், 150 கிரெய்ன்: 17
7எம்எம்-08, 140 கிரெய்ன்: 15
6.5 கிரீட்மூர், 140 கிரெய்ன்: 13
.243 வின்செஸ்டர், 100 கிரெய்ன்: 11
.350 லெஜண்ட், 150 கிரெய்ன்: 7 முதல் 8

வயதான தோளுக்கு 15-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், மூட்டு வலியும் இருந்தால் 12-க்குக் கீழே, என்பது எங்கள் கருத்து. அதே 180 கிரெய்ன் .30-06 தோட்டாவை ஆறரை பவுண்டு மலை ரைபிளில் போட்டால் 22 என்பது 27-ஐத் தாண்டிவிடும். நடக்கச் சுமை குறையட்டும் என்று வயதான பிறகு இலகு ரைபிள் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தோட்டாவை மாற்றுவது

ரைபிளில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் உதையைப் பாதியாக்கும் வழி இது. ஹார்னடி நிறுவனத்தின் கஸ்டம் லைட் வரிசைத் தோட்டாக்களில் .30-06-க்கும் .308-க்கும் 125 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,700 அடியை ஒட்டிய வேகத்தில் வருகிறது. 8 பவுண்டு ரைபிளில் உதை 11 அல்லது 12 ஆக இறங்கும்; .243-ஐத் தொட்டுவிடும். குறைந்த வேகத்திலும் விரிந்து திறக்கும் குண்டு என்பதால் 200 கெஜம் வரை வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும். காட்டுக்குள் நடக்கும் வேட்டையில் பெரும்பாலான குறிகள் 100 கெஜத்துக்குள்ளேயே கிடைத்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தோட்டா மாறினால் குண்டு படும் இடமும் மாறும். 100 கெஜத்தில் மறுபடி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். அப்படிச் செய்தால் 200 கெஜத்தில் சுமார் 4 அங்குலம் தாழ்ந்து படும் என எதிர்பார்க்கலாம். அதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பழைய தோட்டாவையும் புதியதையும் ஒரே பையில் கலந்து வைக்காதீர்கள்.

தோட்டாவைத் தாமே நிரப்புகிறவர்களுக்கு ஹாட்ஜ்டன் நிறுவனம் ஒரு விதி தந்திருக்கிறது: ஹெச்4895 மருந்துக்கு அவர்கள் கையேட்டில் கொடுத்திருக்கும் அதிகபட்ச அளவை எடுத்துக்கொண்டு, அதன் 60 சதவீதம் வரை இறங்கலாம். இந்த விதி அந்த மருந்துக்கு மட்டும்தான். மெதுவாக எரியும் மருந்துகளை, எடுத்துக்காட்டாக ஹெச்4831-ஐ, கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே கொண்டுபோனால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறக்கூடும். வேறு மருந்தில் மிகக் குறைவாகப் போட்டாலோ குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டாலோ உதையே இல்லாதது போலிருந்தாலோ உடனே நிறுத்தி, தோட்டாவை வெளியே எடுத்து, குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். 60 சதவீதத் தோட்டாவுக்குக் கனத்த உலோக உறை கொண்ட 180 கிரெய்ன் குண்டு பொருந்தாது. அந்த வேகத்தில் அது விரியாமல் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். .30-30 ரைபிளுக்காகச் செய்த மென்முனைக் குண்டுகளோ 125 கிரெய்ன் குண்டுகளோதான் சரி.

ரைபிளையே மாற்றத் தயார் என்றால் 7எம்எம்-08, 6.5 கிரீட்மூர், .243 ஆகிய மூன்றில் எதை எடுத்தாலும் தவறில்லை. .243 சிறுவர்களின் ரைபிள் என்று சொல்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். 95 அல்லது 100 கிரெய்ன் குண்டு தோளுக்குப் பின்னால் நுரையீரலில் பாய்ந்தால் மான் அதிக தூரம் போவதில்லை. மாநில விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் மானுக்கு .24 விட்டத்துக்குக் குறைந்த குண்டு கூடாது. எடை 70 கிரெய்னாவது இருக்க வேண்டும், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஒஹாயோ போன்ற மாநிலங்களில் மானுக்கு நீண்ட காலம் ஷாட்கன்தான் அனுமதி. 12 கேஜ் ஸ்லக் (ஷாட்கனில் சுடும் கனத்த ஒற்றைக் குண்டு) ஒன்று 8 பவுண்டு துப்பாக்கியில் 29 அடி-பவுண்டை ஒட்டி உதைக்கும். அங்கே இப்போது நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு (கழுத்துப் பக்கம் குறுகாத உறை கொண்டவை) அனுமதி உண்டு. 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்டுக்கு மாறினால் உதை நாலில் ஒரு பங்காகிவிடும். ஸ்லக் துப்பாக்கியோடு மல்லுக்கட்டும் முதியவருக்கு இதைவிடப் பெரிய நிவாரணம் வேறில்லை.

கட்டையும் ரப்பரும்

உதை அதே அளவில் இருந்தாலும், எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரத்துக்குள் தோளில் இறங்குகிறது என்பதை வைத்தே வலி கூடும் குறையும். பழைய லீவர் ரைபிள்களின் குறுகிய அடிக்கட்டையில் கடினமான தகடு இருக்கும். 11 அடி-பவுண்டு உதையே எலும்பில் சுத்தியல் போல விழும். பழைய சிவப்பு ரப்பர் பேட்களும் காலத்தில் இறுகி மரமாகிவிடுகின்றன. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்; பதியாவிட்டால் அது வேலை செய்யவில்லை.

பாக்மேயர் டிசெலரேட்டர், லிம்ப்சேவர், கிக்-ஈஸ் மூன்றும் நல்ல பேட்கள். ஒரு அங்குலத் தடிமன் எடுங்கள். உறை போல மேலே இழுத்து மாட்டும் வகை சுலபம்தான், ஆனால் கட்டையின் நீளத்தை ஏறக்குறைய ஒரு அங்குலம் கூட்டிவிடும். குளிருக்குக் கனத்த கோட் போட்டவருக்கு அந்த நீளம் கேடு. அடிக்கட்டை தோள் குழிக்குள் வராமல் தோள் மூட்டின் மேல் போய் உட்காரும், உதை முழுவதும் மூட்டில் இறங்கும். நீளம் மிகக் குறைந்தாலும் ஆபத்து: கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும்.

விசையிலிருந்து அடிக்கட்டையின் நடுப்பகுதி வரை உள்ள தூரம்தான் கணக்கு. கடை ரைபிள்களில் பெரும்பாலும் 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அளந்தால் பலருக்கு 13.25 அல்லது 13 அங்குலம் சரியாக வரும். உங்கள் ரைபிள் 0.25 அங்குல பிளாஸ்டிக் தகட்டோடு சேர்த்து 13.5 என்றால் மரம் 13.25. புதிய நீளம் 13.25 வேண்டும், பேட் ஒரு அங்குலம் என்றால் மரம் 12.25 இருந்தால் போதும். ஆக, சரியாக ஒரு அங்குலம் அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன் இந்தக் கணக்கை இரண்டு முறை போடுங்கள். அறுத்த மரம் திரும்பி வராது.

அறுக்கும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, பழைய அடிக்கட்டைக்கு இணையாகக் கோடு போடுங்கள். கோணம் மாறினால் பேட்டின் மேல்நுனியோ கீழ்நுனியோ மட்டும் தோளில் குத்தும். நுண்பல் ரம்பம் போதும். பிறகு தட்டையான பலகையில் உப்புத்தாளை விரித்து, வெட்டுமுகத்தை அதன் மேல் தேய்த்துச் சமமாக்குங்கள். பழைய திருகுத் துளைகள் புதிய இடத்துக்குப் பொருந்தாவிட்டால் கடினமரக் குச்சியைப் பசை தடவி அடைத்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிடுங்கள். பேட்டில் திருகுமுனை நுழையும் பிளவுகள் கிழியாமலிருக்க, திருப்புளியில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரை பெல்ட் சாண்டரில் முதலில் 80, பிறகு 120 எண் தாளில், மெதுவாக, கட்டையின் வளைவைத் தொடர்ந்து தேயுங்கள். மேல்நுனியை உருட்டிவிட்டால் கோட்டில் சிக்காமல் தோளுக்கு ஏறும். பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு: பேட்டை முடிவாகத் திருகுவதற்கு முன் வெட்டிய மரமுனைக்கு பாலியூரித்தேன் இரண்டு கோட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மழை ஈரத்தை மரம் உறிஞ்சி ஊதும். பரம்பரையாக வந்த நல்ல வால்நட் கட்டை என்றால் இந்த வேலையைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

கன்னம் பதியும் இடமும் முக்கியம். ஸ்கோப்பில் பார்க்கக் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டியிருந்தால், உதையில் கட்டை மேலெழுந்து தாடையில் அடிக்கும். ஸ்கோப்பைத் தாழ்ந்த வளையங்களில் பொருத்துங்கள், அல்லது கட்டையின் மேல் பட்டி ஒன்றைக் கட்டிக் கன்ன உயரத்தைக் கூட்டுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். மேட்டை நோக்கிச் சுடும்போது இந்த இடைவெளி சுருங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எடை

8 பவுண்டை 9 ஆக்கினால் 180 கிரெய்ன் .30-06-இன் உதை 22-இலிருந்து 20-க்கு இறங்கும். பெரிய குறைவு இல்லை, ஆனால் செலவும் இல்லை. பல மரக்கட்டைகளில் ரப்பரைக் கழற்றினால் உள்ளே ஒரு துளை இருக்கும். ஒரு அங்குல விட்டமும் 4 அங்குல ஆழமும் கொண்ட துளையில் ஈயச் சிறுகுண்டு சுமார் முக்கால் பவுண்டு பிடிக்கும். சிறு துணிப்பையில் இறுக்கிப் போட்டு மேலே பஞ்சை அடையுங்கள். தளர்வாகக் கிடந்தால் நடக்கும்போது கலகலக்கும், மானுக்குக் கேட்கும். எல்லா எடையும் பின்னால் சேர்ந்தால் முனை இலேசாகிக் குறி தள்ளாடும். மரத்தடியில் உட்கார்ந்து காத்திருப்பவர் அரைப் பவுண்டையாவது முன்கட்டைக்குள் சேர்க்கலாம். மலையேறி நடப்பவருக்கு எடை கூட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவர் தோட்டாவை மாற்றட்டும்.

பிரேக்கும் சப்ரஸரும்

குழல் முனையில் மாட்டும் மஸில் பிரேக் உதையில் மூன்றில் ஒரு பங்கை, சில வடிவங்களில் பாதியைக்கூடக் குறைக்கும். வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பித்தான் அதைச் செய்கிறது. வெறும் ரைபிளின் வெடியே 140 டெசிபல் என்ற காது பாதிப்பு எல்லையை வெகுவாகத் தாண்டுகிறது. பிரேக் அந்தச் சத்தத்தைச் சுடுபவர் பக்கமாகவே திருப்பி அனுப்புகிறது. ஏற்கெனவே செவி மங்கிவரும் வயதில், காது மறைப்பில்லாமல் பிரேக்கோடு ஒருமுறை சுடுவதுகூட மீளாத இழப்பாகலாம். பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் மோசம். பிரேக் வேண்டும் என்றே முடிவுசெய்தால் கழற்றக்கூடியதை வாங்குங்கள். .30 குழல்களுக்கு வழக்கமான மரை 5/8-24. மரை குழலின் அச்சோடு துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். கோணினால் குண்டு பிரேக்கின் உள்விளிம்பை உரசும். பயிற்சியில் மாட்டி, வேட்டையில் கழற்றப்போகிறீர்கள் என்றால் குண்டு படும் இடம் மாறும். கழற்றிய நிலையில்தான் ஸ்கோப்பை இறுதியாகச் சரிசெய்ய வேண்டும்.

குழல் முனையில் மாட்டும் சத்த அடக்கியான சப்ரஸர் உதையையும் சத்தத்தையும் சேர்த்துக் குறைப்பதால், சட்டம் அனுமதிக்கும் மாநிலத்தில் இருப்பவருக்கு பிரேக்கைவிட இதுவே நல்ல தேர்வு. 42 மாநிலங்களில் வைத்திருக்கலாம். 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்ட வேண்டியிருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் இல்லை. பதிவும் பின்னணிச் சோதனையும் அப்படியே இருக்கின்றன. முனையில் அரை அடிக்கு மேல் நீளும், மரக்கிளைகளுக்கு நடுவே தடுக்கும். குட்டைக் குழல் ரைபிளில் நன்றாகப் பொருந்தும்.

சுடுதளத்தில்

வேட்டையில் சுடும்போது உதையே பலருக்குத் தெரிவதில்லை. தோளைப் புண்ணாக்குவதும் அச்சத்தை விதைப்பதும் மேசையில் குனிந்து சுடும் பயிற்சிதான். குனிந்த உடல் பின்னால் அசைய முடியாமல் முழு உதையையும் வாங்கிக்கொள்கிறது. மணல் மூட்டைகளை உயர்த்தி அடுக்கி, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். அடிக்கட்டைக்கும் தோளுக்கும் நடுவே மெல்லிய மணல் பை ஒன்றை வையுங்கள், அல்லது பாஸ்ட் வகைத் தோள் கவசத்தைச் சட்டைக்குள் போடுங்கள். கால்ட்வெல் லெட் ஸ்லெட் போன்ற, ரைபிளைத் தாங்கும் சட்டங்கள் உதவும், ஆனால் அதன் தட்டில் ஈய மூட்டைகளை மலைபோல் ஏற்றாதீர்கள். பின்வாங்க வழியில்லாத ரைபிளின் மரக்கட்டை கைப்பிடி அருகே விரிசல் விடும், ஸ்கோப்பும் பழுதாகும். சட்டத்தில் சரிசெய்த குறி தோளில் வைத்துச் சுடும்போது சற்று விலகலாம். கடைசி மூன்று தோட்டாக்களைத் தோளிலிருந்தே சுட்டுப் பாருங்கள்.

காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் காதை மூடும் மஃப், இரண்டும் வேண்டும். உதை என்று நாம் உணர்வதில் வெடிச் சத்தத்துக்கும் பங்கு உண்டு. காதை இரட்டையாக மூடிச் சுட்டவர்கள் ரைபிள் இளகிவிட்டது என்பார்கள். காட்டில் மின்னணு மஃப் போட்டால் சருகின் மேல் மான் நடக்கும் ஓசையும் கேட்கும்.

ஒரு நாளைக்குக் கனத்த தோட்டா பத்துக்கு மேல் வேண்டாம். மீதிப் பயிற்சியை .22 ரைபிளில் செய்யுங்கள். அச்சம் ஏற்கெனவே பிடித்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு: துணைக்கு ஒருவரை அழைத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை போலித் தோட்டாவையும் போடச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் விசையை இழுக்கும்போது முனை தாழ்ந்தால் அச்சம் இருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் கனத்த ரைபிளை எடுக்காமல், வீட்டில் ரைபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, போலித் தோட்டாவில் தினமும் இருபது முறை விசையை மெல்ல அழுத்திப் பழகுங்கள்.

தோளை இலக்குக்கு நேராகத் திருப்புங்கள். பக்கவாட்டில் நின்றால் காரை எலும்பு உதையை வாங்கும். அடிக்கட்டையைக் காரை எலும்புக்குக் கீழே, மூட்டுக்கு உள்பக்கமாக, சதைப்பற்றுள்ள குழியில் வைத்து வலது கையால் உறுதியாகப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். தளரப் பிடித்தால் ரைபிள் ஓடிவந்து அடிக்கும். இறுகப் பிடித்தால் தள்ளும். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காரும்போது தோள்பட்டை மரத்தைத் தொடக் கூடாது. உடலுக்குப் பின்னால் ஒரு கையளவு இடைவெளி இருந்தால் உதை அதில் கரையும். படுத்துக்கொண்டு சுடுவதை விட்டுவிடுங்கள். முக்காலியோ குறுக்குக் கோலோ வைத்து உட்கார்ந்தபடி, முன்கட்டையை அதன் மேல் சாத்துங்கள். வெறும் குழலைச் சாத்தினால் குண்டு மேலே போகும்.